அரை நிமிட மௌனத்துக்காகக் கழித்த ஒரு நட்சத்திரம்

அந்த ஆல்பத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தேன். ஐந்தாவதைக் கொடுக்காததற்கு ஒரே காரணம், ஆறாவது பாட்டின் நடுவில் அரை நிமிடம் ஒன்றுமே இல்லை. கிடாரும் டிரம்ஸும் பேய்மழையாக அடித்துக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். அப்புறம் வெறும் டேப் ஓடும். அரை நிமிடம் கழித்து பேஸ் கிடார் மெதுவாகத் தலையை நீட்டும். காசு கொடுத்து வாங்கியவனுக்கு வெறும் காற்றை விற்பது எந்த ஊர் நியாயம் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். நான் அதை ஒரு நண்பனிடம் ஓசியில் பதிவு செய்து வாங்கியிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

எழுதியது ஒரு வலைத்தளத்தில். உலகம் முழுக்க இருக்கும் மெட்டல் ரசிகர்கள் ஆல்பம் ஆல்பமாக அபிப்பிராயம் சொல்லி, நட்சத்திரம் கொடுத்து, அதற்கப்புறம் அடித்துக்கொள்ளும் இடம் அது. ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில், ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஆல்பத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், அவர்களுடைய அடுத்த ஆல்பம்தான் உசத்தி என்று யாராவது கிளம்பி வருவார்கள். அந்தச் சண்டைக்கு இப்போது எனக்குத் தெம்பில்லை.

ஹெவி மெட்டல் என்றால் வெறும் கூச்சல் என்பார்கள். இது அந்தக் கூச்சலுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களின் சங்கீதம். ஒரு பாட்டு பன்னிரண்டு நிமிடம் ஓடும். தாளம் ஏழில் கிளம்பி, ஐந்தில் திரும்பி, எங்கேயோ சுற்றி வீட்டுக்கு வந்து சேரும். எண்பதுகளில், அந்த வகைக்கு ஒரு பெயர்கூடச் சரியாக வைக்காத காலத்தில் வந்தது. அதைப் பற்றி வலைத்தளத்தில் இருந்த அபிப்பிராயங்களை நான் பாட்டைவிட அதிகமாக ரசித்தேன். பாடகர் கதவிடுக்கில் கால் மாட்டிக்கொண்டவர் போலக் கத்துகிறார் என்று ஒருவர். அந்தக் குரலைக் கேட்டுத்தான் குடியை விட்டேன் என்று இன்னொருவர். முதல் மூன்று பாட்டுக்கு மேல் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு நட்சத்திரம்தான் என்று ஒரு புண்ணியவான். அந்த ஆளை நான் சும்மா விடவில்லை. கேட்காத பாட்டுக்கு மார்க் போட நீ யார் என்று மூன்று பத்திக்குக் கிழித்தேன். அந்த வட்டாரத்திலேயே பாட்டு கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இருபத்தாறு வயதில் அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில், ஹேமர் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்து அச்சில் வைக்க வேண்டும். மேலேயிருந்து ஹேமர் இறங்கி அடிக்கும். ஆறு வருஷமாக அதுதான் பிழைப்பு, அதுவும் காண்டிராக்ட். அந்த மாதம்தான் திருவள்ளூர்ப் பக்கம் புதிதாக வந்த பெரிய கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. நிரந்தர வேலை. இன்டர்வியூவில் தேறிவிட்டேன், மெடிக்கல் மட்டும் பாக்கி. கண், ரத்தம், நெஞ்சு, காது. அப்பாவைப் போலக் கடைசி வரை காண்டிராக்டிலேயே கிடந்து சாக மாட்டேன் என்று தங்கையிடம் சபதமெல்லாம் போட்டிருந்தேன். எனக்கிருந்த உடம்புக்கு மெடிக்கல் ஒரு பொருட்டா என்றுதான் நினைத்தேன்.

கம்பெனி வேன் ஊத்துக்கோட்டையில் கிளம்பி, ஆந்திராவுக்குள் நுழைந்து சத்தியவேடு வழியாக மாதர்பாக்கம் வந்து கும்மிடிப்பூண்டி போகும். ஏறுகிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். அந்த வேனில் ஒரு சட்டம் இருந்தது. தினம் ஒருவர் கேசட் கொண்டுவரலாம். எதைப் போட்டாலும் ஒரு பக்கம் முடிகிற வரை யாரும் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல வேண்டும். 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்று தப்பிக்க முடியாது. பாட்டில் ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டி, அந்த இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். யார் ஆரம்பித்த பழக்கமோ தெரியாது. பக்திப் பாட்டாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

என் முறை வந்தபோது அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் போட்டேன். வேன் டிரைவர் சத்தியவேட்டுக்காரர். நாலு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பாட்டுக்காரரு டீ குடிக்கப் போயிட்டாரா? இன்னும் வாயே தெறக்கல?" என்றார். கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கும் பாய், பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரக் குடும்பத்திலிருந்து ஊத்துக்கோட்டைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அவர் நிதானமாகத் தீர்ப்பு சொன்னார்.

"மூணாவது பாட்டு. முடிஞ்சிடுச்சின்னு நெனச்சி டிபன் பாக்ஸ எடுத்தா மறுபடி ஆரம்பிக்குது. எங்க மாமனாரு பேசறாப்பலயே கீது. ஆனா, எறங்கற வரைக்கும் உட்டுட்டுப் போவ மனசு வரல."

இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் அக்கா ஜன்னல் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். நாள் முழுக்க உருப்படிகளை எண்ணித் தட்டில் வைக்கிறவர். "ஏழு ஏழா எண்ணிக்குனே வந்தேன். ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல எட்டாயிடுச்சி. டிரம்ஸ்காரரு தப்பு பண்ணாரா, வேணும்னே பண்ணாரா தெர்ல," என்றார். அந்த ஞாயிறு வலைத்தளத்தில் தேடினால், அந்த எட்டைப் பற்றி இரண்டு நாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். எனக்கு அக்காவைப் பற்றி ஏகப் பெருமை.

நான் நான்கு நட்சத்திரம் போட்டு எழுதியது அதற்கப்புறம்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பின்லாந்திலிருந்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். அந்த அரை நிமிடம்தான் ஆல்பத்தின் உயிர், மற்றதெல்லாம் நின்றபின் ஒரே ஒரு சின்ன மணி தன்னந்தனியாக வாசிக்கிறது, அது உனக்கு மௌனமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: முதலில் உன் கேசட்டைப் பார், இல்லையென்றால் உன் காதைப் பார்.

எனக்கு வந்ததே கோபம். ஆறு வருஷம் இரும்பு தட்டுகிறவனைப் பார்த்துக் காதைப் பார் என்கிறானே என்று நாலு பத்தி எழுதினேன். பதிவு செய்து கொடுத்த நண்பனுக்குப் போன் போட்டு அவனையும் திட்டினேன். அவன் டேப் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். சரி, பொது இடத்தில் தீர்த்துக்கொள்வோம் என்று மறுநாள் காலையில் வேனுக்கு இரண்டாவது பக்கத்தைக் கொண்டுபோனேன்.

மாதர்பாக்கம் டீக்கடையில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினார். மற்றவர்கள் டீ குடிக்க இறங்கிவிட, டிரைவரையும் பாயையும் அக்காவையும் மட்டும் பிடித்து உட்காரவைத்தேன். "ஒரு எடம் வரும். அங்க இன்னா கேக்குதுன்னு சொல்லுங்க. ஒண்ணும் கேக்கலன்னா கேக்கலன்னே சொல்லுங்க. எனக்காவப் பேச வேணாம்," என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போட்டேன். பேய்மழை வந்தது, நின்றது. நான் வெற்றியோடு மூவரையும் பார்த்தேன்.

"மணி," என்றார் அக்கா.

"கோயில் மணி இல்ல," என்றார் டிரைவர். "ஸ்பூனால டம்ளர தட்டுனா வருமே, அந்த மாதிரி."

"சும்மாவும் தட்டல," என்றார் பாய். "ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வருது. பாவி, அழகா பண்றான்."

மூன்று பேரும் சேர்ந்து என்னைக் கலாய்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நான் போனில் கத்தியதைப் பாய் கேட்டிருப்பார், மூவரும் பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள். டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். இந்தத் தடவை பாட்டை விட்டுவிட்டு ஆட்களைக் கவனித்தேன். ஸ்டியரிங்கில் டிரைவரின் விரல் தட்டியது. அதே நேரத்தில் பாயின் செருப்பு தரையில் தட்டியது. அதே நேரத்தில் அக்காவின் தாடை லேசாக அசைந்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்றும் ஒரே நேரத்தில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்படி யாராலும் ஒத்திகை பார்த்து நடிக்க முடியாது. என் தலைக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் டேப்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, நெஜமாவே கேக்கலியா?" என்று அக்கா கேட்டார். டிரைவர் டேப்பை அணைத்துவிட்டார். பக்கம் முடிவதற்குள் யாராவது அணைத்தது அந்த வேனில் அதுதான் முதல் தடவை.

இத்தனை நாளும் எப்படித் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். ஹேமர் ஷாப்பில் யாரும் வாயால் பேசுவதில்லை. ஹேமர் அடிக்கிற அடியில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைப் பேச்சு. முழங்கையில் இரண்டு விரல் வைத்தால் இன்னொரு அடி. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. கட்டை விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. ஆள் வீட்டில் சண்டையா, சினிமாவுக்குப் போகலாமா, மேஸ்திரி எந்த மூடில் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் கை உண்டு. காதைத் தொட்டால் சேஃப்டி ஆபீசர் வருகிறார் என்று அர்த்தம். கழுத்தில் தாலி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு காதடைப்பானை எல்லோரும் எடுத்துச் சொருகிக்கொள்வோம். அவர் போனதும் மறுபடி கழுத்துக்கு வந்துவிடும். அதைப் போட்டால் ஹேமர் அடி விழுகிற பதம் தெரியாது என்று நாங்களே ஒரு சாஸ்திரம் வைத்திருந்தோம். இப்படிக் கையாலும் உதட்டைப் பார்த்தும் பேசிப் பழகிய கூட்டத்தில் எவனுக்குக் காது கேட்கிறது, எவனுக்குக் கேட்கவில்லை என்று எவன் கண்டான்.

வீட்டிலும் அடையாளம் இல்லாமல் இல்லை. செல்போன் அடிப்பதில்லை என்று கடைக்காரனோடு சண்டை போட்டு வேறு போன் வாங்கினேன். அதுவும் அடிக்கவில்லை. குக்கர் நாலு விசில் விட்டும் அடுப்பை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்ததற்குத் தங்கை என்னைச் சோம்பேறி என்றாள். நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

மெடிக்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. என்னைவிட வேனுக்குத்தான் கவலை அதிகம். பாய் முன்பு வேறொரு கம்பெனியில் இந்தக் காதுப் பரிசோதனையைப் பார்த்தவர். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள உன்ன உக்கார வெப்பாங்க. காதுல மாட்டி உடுவாங்க. பீப்னு கேட்டா பட்டன அமுக்கணும். அந்தாண்ட ஒருத்தரு மெஷினு வெச்சிக்குனு உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரு ஒரு கட்டைய அமுக்குவாரு. கண்ணாடில அவரு கை நல்லாத் தெரியும்," என்றார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். கையைப் படிப்பதில் எங்கள் ஹேமர் ஷாப்காரனை மிஞ்ச ஆள் உண்டா.

அன்று சாயங்காலமே பயிற்சி தொடங்கிவிட்டது. அக்கா முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, முழங்கால் மேல் நோட்டை வைத்து அதன் மறைவில் விரலை அழுத்துவார். தோள் அசைவதை மட்டும் பார்த்து நான் கை தூக்க வேண்டும். டிரைவர் கண்ணாடியில் பார்த்து மார்க் போடுவார். சும்மா தோளை உலுக்கி ஏமாற்றிப் பார்ப்பார்கள். நான் ஏமாற மாட்டேன். நான்காம் நாளே ஒன்றுகூடத் தவறவில்லை. "இவன் செவுடன்னு சொன்னா எவன் நம்புவான்?" என்று டிரைவர் பெருமைப்பட்டார். செவிடன் என்ற சொல் சுருக்கென்றது. சிரித்துவைத்தேன்.

மெடிக்கல் மணவாள நகரில் ஒரு லேபில் நடந்தது. கண், ரத்தம், நெஞ்சு எல்லாம் ஜம்மென்று முடிந்தது. பாய் சொன்ன மாதிரியே கண்ணாடிப் பெட்டி. எதிரில் ஒல்லியாக ஒரு டெக்னீஷியன். அவர் கை மேஜை மேல் பளிச்சென்று தெரிந்தது. பயிற்சியே தேவையில்லை, ஒரு குழந்தைகூடப் படித்துவிடும்.

முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. நன்றாகவே கேட்டன. தாராளமாக அழுத்தினேன். போகப் போகச் சத்தம் மெலிந்துகொண்டே போனது. ஒரு இடத்தில் அவருடைய விரல் இறங்கியது, என் காதில் ஒன்றும் இல்லை. அழுத்தினேன். மறுபடி விரல், அழுத்தினேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். நல்ல மார்க்தான் போடுகிறார் என்று தெரிந்தது. எனக்கென்னவோ அந்த ஒரு நட்சத்திரம் போட்ட புண்ணியவான் ஞாபகம் வந்துவிட்டான். கேட்காத பாட்டுக்கு மார்க் போட நீ யார் என்று அவனை மூன்று பத்திக்குக் கிழித்தவன் இங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறேன். ஆறு வருஷமாக என்னென்ன போயிருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே மெஷினையும் நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். பெட்டியைத் தட்டி முதலிலிருந்து வைக்கச் சொன்னேன். இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். அப்புறம் அவர் விரல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இறங்கியது, எழுந்தது, இறங்கியது, எழுந்தது. இத்தனையா என்று இருந்தது. பயந்துபோனேன்.

டாக்டர் தாளைப் பார்த்ததுமே, "ஹேமர் ஷாப்பா?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை. தாளில் கோடு ஒழுங்காக வந்து, ஓரிடத்தில் குளத்துப் படியில் இறங்குவது போலக் கீழே போயிருந்தது. "பேச்சு கேக்கும், விசில், மணி மாதிரிக் கீச்சுச் சத்தமெல்லாம் போயிருக்கு. போனது வராதுங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க," என்றார். புதுக் கம்பெனியிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. இப்போதைக்கு இயலவில்லை என்று இரண்டே வரி.

வேனில் பாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அவ்ளோ பிராக்டீஸ் பண்ணி, கடைசில ராஜா அரிச்சந்திரன் ஆயிட்டாரு," என்று டிரைவரிடம்தான் சொன்னார். தங்கை அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அக்கா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உன்கூட நிக்கிறவங்களுக்குக் கேக்குதா?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் ரூமிலிருந்து அக்காவின் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் ஹேமர் ஷாப்பின் பின்பக்கம் போனேன். ஹேமரெல்லாம் நின்றிருந்தது. என் செட் ஆட்கள் ஆறு பேர் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேர் பழைய ஆட்கள். ஆறாவது, ஆரம்பாக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், வயல் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. வேலையில் இளையவர் என்பதால் வயதில் மூத்தவராக இருந்தும் எல்லோருக்கும் அடங்கியே இருப்பார்.

விஷயம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்காள் வீம்பு பிடிப்பார்கள். ஒரு பாட்டு போடுகிறேன், நடுவில் ஒரு மணி கேட்கும், கேட்டதும் கை தூக்க வேண்டும் என்று வாயாலும் கையாலும் சொன்னேன். போட்டி என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேய்மழை வந்தது, நின்றது. எனக்கு வழக்கம் போல ஒன்றும் இல்லை. நான் கைகளைப் பார்த்தேன். ஹேமர் ஓட்டுகிற அண்ணன், எங்கள் எல்லோருக்கும் சீனியர், சிரித்த முகத்தோடு கையை முழங்கால் மேல் தயாராக வைத்திருந்தார். எவனும் முந்திவிடக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து பேரும் அப்படியே காத்திருந்தார்கள். அரை நிமிடம் போய் பேஸ் கிடார் வந்துவிட்டது.

"எப்பப்பா வரும் மணி?" என்று கேட்டார் ஹேமர் அண்ணன்.

ஆரம்பாக்கத்துக்காரரைப் பார்த்தேன். அவர் கை மட்டும் அந்த அரை நிமிடத்தின் தொடக்கத்திலேயே தோள் வரை வந்ததை நான் கவனித்திருந்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அப்படியே கழுத்தைச் சொரிவது போலக் கீழே இறக்கிக்கொண்டார்.

"ஏண்ணே கையை எறக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாமோ கேட்டாப்பல இருந்துச்சி தம்பி," என்றார் கூச்சத்தோடு. "ஒருத்தரும் தூக்கல. எனுக்குத்தான் காது சரியில்ல போலன்னு உட்டுட்டேன்."

நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கினேன்.